நடந்து போன சைக்கிள்

எலும்பு வைத்திய ஆசான் காலில் போட்டிருந்த கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே செந்தூர்பாண்டியின் கண் உத்தரத்துக்குப் போய்விட்டது. அங்கேதான் அவன் சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. மனைவி செண்பகம் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டித் தூக்கியிருந்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணி கட்டுகிறவர்கள்கூட அத்தனை முடிச்சுப் போட்டதில்லை.

"எலும்பு கூடிட்டுவே," என்றார் ஆசான் சிவனாண்டி, முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்து. "இனி நடக்கலாம். மெள்ள ஓடக்கூடச் செய்யலாம்."

"சைக்கிள்?"

அடுப்பங்கரையில் ஒரு பாத்திரம் 'ணங்' என்று விழுந்தது. ஆசான் முப்பது வருஷ அனுபவஸ்தர். "அத வீட்டுல கேளும்," என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பீச் ரோட்டில் செந்தூர்பாண்டி இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டினான். தூரத்தில் நின்ற கப்பலுக்கு ஒரு சலாம் போட்டான். சங்கு சேர்த்து வைக்கும் கிட்டங்கி வாசலில் சங்கைக் குவித்து வைத்திருந்ததைக் கப்பல்காரன் பார்த்திருப்பான், இவன் பார்க்கவில்லை. சைக்கிளுக்கு ஒரு கீறல் கிடையாது. கால்தான் இரண்டாகப் போயிற்று.

அன்றிலிருந்து மூங்கில் பத்தை, உளுந்தமாவு, முட்டை வெள்ளைக்கரு என்று பூசிப் பூசிக் கால் ஒரு பலகாரம் மாதிரிக் கிடந்தது. ஆனால் மனசு கிடக்கவில்லை. தூக்கத்தில்கூட நல்ல கால் பெடல் மிதித்தது. பக்கத்தில் படுத்திருந்த செண்பகத்துக்கு இடுப்பில் அதன் தழும்பு இருந்தது.

"ஏளா, அந்த முடிச்ச அவுறு," என்றான்.

"அவுக்கமாட்டேன். முருகனுக்கு நேந்துருக்கேன்."

"என்னன்னு?"

"கால் கூடிட்டுன்னா திருச்செந்தூருக்கு நடந்தே வந்து முடி எறக்குவாருன்னு. அது வரைக்கும் சைக்கிள்ல ஒங்க கால் படக்கூடாது."

"எங் கால வச்சு நேருததுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கத்தான் வந்தேன். நீங்க 'ஐயோ அம்மா'ன்னு கத்திக்கிட்டுல்லா கெடந்திய."

இருபத்தைந்து மைல்! செந்தூர்பாண்டி உத்தரத்தைப் பார்த்தான். யுத்த காலம். ஒரு டயர் வாங்க வேண்டுமென்றால் மூன்று ஆபீஸ் ஏறி நாலு பேருக்குக் கும்பிடு போட வேண்டும். பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை எடை போட்டு, இரண்டு வருஷம் காப்பி குடிக்காமல் வாங்கிய சைக்கிள் அது. இந்தப் பெண்பிள்ளை அதை வௌவால் மாதிரித் தொங்கவிட்டிருக்கிறாள்.

பத்து நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பதினோராவது நாள் யோசனை வந்துவிட்டது.

"ஏளா, ரப்பர் தொங்கிக்கிட்டே இருந்தா விரிஞ்சுபோவும். வேதமணி கடைல கொண்டு போடட்டுமா? அவன் காத்தடிச்சு வைப்பான். நான் தொடக்கூட மாட்டேன்."

செண்பகம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. கொண்டு போடச் சொல்லுங்க," என்றாள்.

இவ்வளவு லேசாக ஒத்துக்கொள்வாள் என்று தெரிந்திருந்தால் பத்து நாளைக்கு முன்பே ரப்பரை இழுத்திருக்கலாமே என்று அவனுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

வேதமணி வாடகைச் சைக்கிள் கடைக்காரன், சினேகிதன். ஏற்பாடு இதுதான்: வியாழக்கிழமை விடியக்காலம் செந்தூர்பாண்டி நடந்து கிளம்புவான். உப்பளம் தாண்டி, ஊர்க்கண் படாத இடத்தில், வேதமணி சைக்கிளோடு நிற்பான்.

"சாமிகிட்டயே பித்தலாட்டமாலே?" என்று வேதமணி தயங்கினான்.

"முருகனே மயில்ல ஏறித்தான போறாரு? நடக்குதவன் கஷ்டம் அவருக்குத் தெரியாதா?"

வியாழக்கிழமை செண்பகம் கட்டுச்சோறு கொடுத்து, திருநீறு பூசி, ஊர் எல்லை வரைக்கும் கூடவே வந்தாள். அவள் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை அவன் நொண்டி நொண்டிப் பக்தியோடு நடந்தான். தெரியாத தூரம் வந்ததும் நொண்டல் நின்றது, பக்தியும் நின்றது.

வேதமணி சொன்னபடி சைக்கிளைக் கொடுத்துவிட்டு வந்த வழியே போனான். செந்தூர்பாண்டி ஹாண்டில்பாரைப் பிடித்தான். உள்ளங்கை சிலிர்த்தது. இடது காலைப் பெடலில் வைத்து வலது காலைத் தூக்கினான்.

"ஏலே, செந்தூர்பாண்டியா அது?"

தூக்கின கால் அப்படியே திரும்பி இறங்கியது.

வீரபாகு அண்ணாச்சி! அவன் தெருவிலேயே பலசரக்குக் கடை. மாசா மாசம் சஷ்டிக்கு நடந்தே திருச்செந்தூர் போகிறவர். தலையில் தேங்காய்ச் சாக்கோடு வேர்த்து விறுவிறுத்து வந்துகொண்டிருந்தார்.

"நடந்து போறன்னு செண்பகம் சொல்லிச்சே. இது என்னலே சைக்கிளு?"

"இது... என்னோடது இல்ல அண்ணாச்சி. வேதமணி ஆறுமுகநேரில ஒருத்தருக்குக் குடுக்கச் சொன்னான். சும்மா தள்ளிக்கிட்டுப் போறேன்."

"ஒஞ் சைக்கிளு மாதிரில்லா இருக்கு?"

"எல்லாச் சைக்கிளுக்கும் ரெண்டு சக்கரந்தான அண்ணாச்சி?"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "கால் ஒடிஞ்சு எந்திரிச்சவன். கைல சைக்கிளு இருக்கு. ஏறணும்னு தோணலியே ஒனக்கு! நீ மனுசன்டா." இப்படிச் சொல்லி, தேங்காய்ச் சாக்கை இறக்கி சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார். "ஒனக்கும் புண்ணியம், எனக்கும் தலைவலி இல்ல."

இருபத்தொரு தேங்காய். செந்தூர்பாண்டி தள்ளினான்.

பழையகாயல் வந்ததும் ஒரு மரத்தடியில் பொத்தென்று உட்கார்ந்தான். "கால் வலி தாங்கல அண்ணாச்சி. நீங்க முன்ன போங்க. நான் மெள்ள வாரேன்."

"ஒன்னைய விட்டுட்டுப் போனா முருகன் என்னைய விடுவானா?" அண்ணாச்சி மடியிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்தார். வலிக்காத காலை அரை மணி நேரம் வலிக்க வலிக்கத் தேய்த்தார். அதற்குப் பிறகு அவன் நிஜமாகவே நொண்டினான்.

ராத்தங்கலுக்கு ஆத்தூர்ச் சத்திரம். பிறத்தியார் சாமான் களவு போகக்கூடாதென்று அண்ணாச்சி சைக்கிளைப் படுக்கப் போட்டு, சக்கரத்துக்குள் கையை விட்டுக்கொண்டு தூங்கினார்.

மறுநாள் காலை ஆறுமுகநேரி.

"எந்த வீடுலே?" என்றார் அண்ணாச்சி.

செந்தூர்பாண்டி வாயில் வந்த பெயரைச் சொன்னான். "ஞானையா வீடு."

இந்த ஊரில் அப்படி யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தான்.

"நம்ம உப்பள மேஸ்திரி ஞானையாவா? சொல்லப்புடாதா! வா, இந்தத் தெருதான்!"

ஞானையா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி விஷயத்தைச் சொல்லச் சொல்ல, குச்சி வாயிலேயே நின்றது.

"எனக்கா? சைக்கிளா? யாரு, வேதமணியா? எனக்கு அப்படி ஒருத்தரத் தெரியாதே!"

"தெரியாதுல்லா? அப்ப நாங்க வாரோம்..." என்று செந்தூர்பாண்டி சைக்கிளைத் திருப்பினான்.

"நில்லும்வே!" ஞானையா வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "நாலு வருசமா ஆண்டவர்ட்ட ஒரு சைக்கிளு கேட்டுக்கிட்டு இருக்கேன். அவரு யார் கைல குடுத்து அனுப்பினா எனக்கென்ன?"

தேங்காய்ச் சாக்கை இறக்கி வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஏறி உட்கார்ந்து வேப்பமரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். மூன்று மாதமாக செந்தூர்பாண்டி கனவில் மிதித்த பெடலை வேறொருத்தர் கால் மிதித்தது. அவன் ஓடிப்போய் ஹாண்டில்பாரைப் பிடித்தான்.

"எறங்கும்! தப்பு நடந்துபோச்சு! இது வேற ஞானையாவுக்கு!"

"வேற ஞானையா எங்கன இருக்காரு?" என்றார் அண்ணாச்சி.

"காயல்பட்டணத்துல!"

"காயல்பட்டணத்துல ஏதுலே ஞானையா?"

"ஹாமிது காக்கா! ஹாமிதுன்னுதான் வேதமணி சொன்னான். எனக்கு வாய் தவறிட்டு!"

அண்ணாச்சி யோசித்தார். "ஞானையாவுக்கும் ஹாமிதுக்கும் நடுவுல எவ்வளவு எடம் கெடக்கு. எப்படிலே வாய் தவறும்?"

"வெயிலு அண்ணாச்சி."

மணி ஏழுதான் ஆகியிருந்தது. இருந்தாலும் அண்ணாச்சி நல்ல மனுஷர். ஞானையாவின் தோளில் தட்டினார். "ஜெபத்த நிறுத்திராதீரும். இது ஒத்திகைன்னு வச்சுக்கிடும்."

ஞானையா பெருமூச்சோடு இறங்கினார். ஆனால் சும்மா விடவில்லை. "அந்தப் பக்கந்தான போறிய? எந் தங்கச்சி வீரபாண்டியன்பட்டணத்துல இருக்கா," என்று ஹாண்டில்பாரில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இரண்டு பூசணிக்காயைக் கட்டினார்.

நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து எழுந்து காயல்பட்டணத்துக்கு வரும்போது வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. செந்தூர்பாண்டிக்கு உயிர் வந்தது. சாத்தின ஒரு கடையைக் காட்டினான்.

"இதுதான் ஹாமிது காக்கா கடை. பூட்டிட்டாரு. திரும்பி வரும்போது குடுத்துக்கிடுதேன்."

"தொழுதுட்டு வந்துருவாரு. ஒக்காரு, இருந்து குடுத்துட்டே போவோம்."

"வேண்டாம் அண்ணாச்சி! சாமி காத்துக்கிட்டு இருக்குல்லா!"

"அடடா! ஒன்னைய மாதிரி நாலு பிள்ளைய இருந்தா ஊருல மழ பெய்யும்லே," என்று அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செந்தூர்பாண்டி தள்ளினான். தேரிக்காட்டுச் செம்மணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது. பெடல் கெண்டைக்காலில் இடித்தது. பூசணிக்காய் முழங்காலில் இடித்தது. சைக்கிள் இல்லாமல் நடந்திருந்தால் இதில் பாதிப் பாடுகூட இல்லை என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

வீரபாண்டியன்பட்டணத்தில் பூசணிக்காய் இறங்கியது. திருச்செந்தூர் எல்லையில் அண்ணாச்சியும் நின்றார்.

"நான் நாழிக்கிணத்துல முழுகிட்டு அப்புறந்தான் கோயிலுக்கு. நீ நேரா போலே. ஒன் வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சிட்டு!" தேங்காய்ச் சாக்கை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பினார்.

செந்தூர்பாண்டி முன்னால் பார்த்தான். கோபுரம் தெரிந்தது. கடல் இரைச்சல் கேட்டது. ஒரே ஒரு பர்லாங். பின்னால் பார்த்தான். யாருமில்லை. சைக்கிளைப் பார்த்தான். அண்ணாச்சியைச் சந்தித்த பிறகு இப்போதுதான் அது சுமையும் காவலும் இல்லாமல் நின்றது. வேறு யாருக்கும் அது சொந்தமாக இல்லை, ஞானையாவுக்கும் இல்லை, ஹாமிதுக்கும் இல்லை. அவனுக்குத்தான்.

"முருகா," என்றான். "இம்புட்டுத் தூரம் நடந்துட்டேன். பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஒரு பர்லாங்குதான். இத நீயும் கணக்குல வைக்காத, நானும் வைக்கல."

ஏறிவிட்டான்.

முதல் மிதி பயந்து பயந்து. எலும்பு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது மிதிக்குக் காலே முந்திக்கொண்டது. மூன்றாவது மிதியில் கடல்காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைத் தட்டியது. மூன்று மாதமாக நெஞ்சுக்குள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்த என்னவோ ஒன்று சட்டென்று உட்கார்ந்துவிட்டது. பூக்கடைக்காரி, பிச்சைக்காரர், மாடு என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் மணியடித்தான். கோயில் வாசலில், மண்டபத்துக்கு முன்னால், 'கிறீச்'சென்று பிரேக் பிடித்து ராஜா மாதிரி இறங்கினான்.

மண்டபப் படியில் அவர்கள் வீட்டுக்கு வழிவழியாக அர்ச்சனை செய்கிற ஐயர் உட்கார்ந்திருந்தார். கையில் மாலை வேறு. அவனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

நடந்து வந்த பக்தனுக்கு இவ்வளவு மரியாதையா! செந்தூர்பாண்டி கூச்சத்தோடு கழுத்தை நீட்டினான்.

ஐயர் அவன் கழுத்தைத் தாண்டிப் போய் ஹாண்டில்பாருக்கு மாலையைப் போட்டார். மணியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார்.

"சாமி, சைக்கிளுக்கு எதுக்கு மாலை?"

ஐயர் மடியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து விரலால் தட்டினார்:

"'நடந்து வந்தா அவர் முடி உனக்கு, சைக்கிள்ல வந்தா அந்தச் சைக்கிளே உனக்கு'ன்னு நீர் காலை ஒடிச்சுண்ட மறுநாளே ஒம்ம ஆத்துக்காரி முருகனுக்கு எழுதிப் போட்டுட்டாளே, ஓய்!"