ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கல்யாணம்

வண்டிப்பெரியாரிலிருந்து ஆனைக்கரை வரை நீலத்திரை அண்ணாச்சி மயங்கி விழ வைக்காத கம்ப்யூட்டர் ஒன்றுகூடக் கிடையாது. தன் ஹார்ட் டிஸ்கின் வயரை அவர் செருகினால் போதும், எப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டரும் பாம்பு கடித்ததுபோல நீலம் பாரித்துவிடும். பெயர் வந்த விதம் அதுதான்.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் கல்யாணம், சடங்கு, காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவர்தான் வீடியோ எடுப்பார். எடுத்த அத்தனையும் அந்த ஒரே டிஸ்கில் இருந்தது. அதற்குக் குழந்தைகளின் கம்பளிக் குல்லா போட்டிருப்பார். அவர் தலை மழையில் நனையும்.

"இன்னொரு டிஸ்குல காப்பி போட்டு வையுங்க அண்ணாச்சி" என்பேன். நான் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். எதையும் இரண்டு பிரதி எடுத்து வைக்கிற ஆள்.

"பெத்த பிள்ளைக்கு யாராவது காப்பி எடுப்பாவளா தம்பி?"

அவர் தூரத்தில் வருவதைக் கண்டாலே போட்டோக் கடைக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "கரண்ட் இல்ல அண்ணாச்சி" என்பார். பக்கத்து ஜூஸ் கடையில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒம்ம கம்ப்யூட்டருக்கு நெஞ்சுல தெம்பு இல்ல வே" என்பார் அண்ணாச்சி. "எத்தனை கல்யாணத்தச் சுமக்குற டிஸ்கு இது! தாங்க வேண்டாமா?"

இப்படிப்பட்டவரைச் செல்லையா மகள் கல்யாணத்துக்குச் சிபாரிசு செய்தவன் நான்தான் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. செல்லையாவுக்கு வளைகுடாவில் கொத்தனார் வேலை. கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் துண்டு துண்டாகப் பார்க்க மாட்டேன், ஊருக்கு வந்து முழுசாகப் பார்ப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். அவர் வந்து இறங்கியபோது மகள் முத்துமாரி ஏழு மாதக் கர்ப்பிணி.

அன்று சாயங்காலம் லயத்து முற்றத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, வாடகைக்குப் புரொஜெக்டர் வைத்தோம். லேப்டாப் என்னுடையது. அண்ணாச்சி குல்லாவைக் கழற்றி டிஸ்கைச் செருகினார். வேட்டி முழுக்க நீலம்.

டிஸ்கைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைத் திரும்பப் போட்டேன். ஒழுங்காக ஓடியது. செருகினேன், நீலம். வயரை மாற்றினேன், அடுத்த ஓட்டையில் செருகினேன், பக்கத்து வீட்டு லேப்டாப்பை வாங்கி அதிலும் பார்த்தேன். எல்லாம் நீலம்.

"என்ன மாரி, ஒன் கல்யாணம் கடலுக்குள்ளயா நடந்துச்சு?" என்றாள் ஒருத்தி. முற்றமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. டிஸ்கைக் கையில் எடுத்தேன். கமகமவென்று வாசம்.

"அண்ணாச்சி, இது ஏன் ஏலக்கா மணக்குது?"

"மழைக்குப் பூசணம் புடிச்சிரும்லா தம்பி! ஆனைக்கரையில மச்சினன் ஏலக்கா ஸ்டோருல, காய் உணத்துற ரூம்புல, காயோட காயா வச்சு எடுப்பேன். ஒவ்வொரு மழைக்கும் அப்படித்தான். ஒரு பிரஷ்னமும் இல்ல."

அடுப்பு மூட்டி ஏலக்காயை உலர்த்தும் அறை அது; உள்ளே போனவர் மூச்சுத் திணறி வெளியே வருவார். செல்லையா மட்டும் சிரிக்கவில்லை. அண்ணாச்சியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப எம்மவ கல்யாணம் இல்லையா சார்?"

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். போன் படங்களையாவது காட்டலாம் என்று ஆளாளுக்குத் தேடினார்கள். தாலி கட்டும் நேரத்தில் எடுத்த எல்லாப் படத்திலும் அண்ணாச்சியின் முதுகு.

மறுநாள் காலை டிஸ்கைக் குமுளியில் ஒரு ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவிச்ச முட்டையில குஞ்சு கேக்கிறீங்க சார்."

செல்லையா கண்ணில் படாமல் வீடு சேர வேண்டுமென்று கொல்லை வழியாக வந்தேன். லயத்து முற்றத்தில் கூட்டம். வாழைமரம் கட்டியிருந்தது. அண்ணாச்சி விடியற்காலையிலேயே வீடு வீடாகப் போய், கல்யாணத்தன்று உடுத்தியதை உடுத்திக்கொண்டு வரச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறார்.

"கட்டுன தாலிய மறுக்காக் கட்டுனா ஆகாது" என்று பெண்கள் தடுத்துவிட்டதால், மாலை மாற்றுவதும் கைப்பிடித்துக் கொடுப்பதும் மட்டும் நடந்தது. கல்யாணத்தன்று அப்பா இல்லாததால் கைப்பிடித்துக் கொடுத்தவர் தாய்மாமன்.

"மாப்ள, மீசைய எங்கல போட்ட? அன்னிக்கு இருந்துச்சுல்லா!" என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினார் அண்ணாச்சி. "முத்துமாரி, மாலைய வயித்து மேல எறக்கிப் போடும்மா."

"நாளைக்கு எம் பிள்ள இதப் பாத்தா என்ன நெனைக்கும் பெரியப்பா?" என்று முத்துமாரி பட்டுச்சேலையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

செல்லையா மகள் கையைப் பிடித்து மருமகன் கையில் வைத்தார். வைத்தவர் தன் கையை எடுக்கவில்லை. கையை எடுக்கச் சொல்லிக் கத்தாமல் அண்ணாச்சி கேமராவை ஓடவிட்டார்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு அண்ணாச்சி என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் கேமராவை நீட்டினார்.

"இதுல உள்ள படத்த ஒன் லேப்டாப்புல ஏத்திரு தம்பி. என் கையில மட்டும் திருப்பிக் குடுத்துராத."

நானும் அவர் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டேன். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவர் உட்கார இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்தேன்.