சந்தை இல்லாத புத்தகத்தின் ஆசிரியர் எழுதுவது

வட்டவளையிலிருந்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளை, பல்கலைக்கழக உதவி நூலகர் துஷாந்த் அவர்களுக்கு, மாமனார் ஆண்டியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். மழையும் நலம், விடாமல் பெய்கிறது. அங்கே நீங்களும் மகள் வினோதாவும் சுகமாக இருக்க முருகன் துணை. மருமகனுக்கு மரியாதை குறையக்கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே மரியாதையாகவே ஏசுகிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு எழுத்து வேலை எதற்கு என்று ஊரே சிரித்தபோது நான் எழுதிய புத்தகம் 'அரைப் பேர்'. கொழுந்து நிறை குறைந்தால் அன்றைய சம்பளத்தில் பாதியை வெட்டுகிற அநியாயத்தைப் பற்றியது. அது உங்களுக்கே தெரியும். அன்றைக்கு வினோதா போன் எடுத்து, "அப்பா, ஒங்க புத்தகம் கெம்பஸ்ல பாடத்துக்கு வந்திருச்சு! இவருதான் ரிசேர்வ் தட்டுல வச்சிருக்காரு" என்று துள்ளினாள். வகுப்பு முழுவதற்கும் ஆர்டர் வரும் என்று நம்பி, அலுமாரிக்கு மேலே கிடந்த பெட்டிகளை எல்லாம் இறக்கித் தூசி தட்டினேன். உங்கள் அத்தை நாள் முழுக்கத் தும்மினாள். ஆர்டர் மட்டும் வரவில்லை, இன்று வரை வரவில்லை.

போன மாதம் அடையாள அட்டையை போட்டோ கொப்பி எடுக்க ஹட்டனில் இப்றாஹிம் நானா கடைக்குப் போனேன். மெஷினிலிருந்து தாள் தாளாக விழுகிறது. எட்டிப் பார்த்தால், டை கட்டிக்கொண்டு என் முகம்! பின் அட்டைப் படம். நானா தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "சேர், ஒங்கள மாதிரியே இருக்காரே?" என்றார். "மாதிரி என்ன மாதிரி, நான்தான் நானா!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற பிள்ளை, தனுஜாவாம், உங்கள் கெம்பஸில்தான் படிக்கிறதாம், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறதாம், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சேர், நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்று கேட்டதே ஒரு கேள்வி! "லைப்ரரியில ஒரே புத்தகந்தாங்க சேர். வீட்டுக்குக் கொண்டுபோக ஏலாது. ஒரு ஆளுக்கு ஒரு அத்தியாயந்தான் கொப்பி எடுக்க விடுவாங்க. அதான் நாங்க எட்டுப் பேரும் ஆளுக்கொரு அத்தியாயமா எடுத்து ஒண்ணா சேத்துட்டோம். இப்ப அத எல்லாருக்கும் கொப்பி எடுக்கிறோம்" என்று சிரிக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் ஒருத்தி ஒரு பிடித் தூளை மடியில் கட்டினால் வாச்சர் பிடித்துவிடுவான். இங்கே ஆளுக்கொரு பிடியாக மூட்டையையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். வாச்சரோ என் மருமகன்.

உங்களுக்குப் போன் எடுத்தேன். நீங்க கோபப்படல, படிச்ச ஆளாச்சே. "மாமா, புலமைச் சொத்துச் சட்டத்துல நியாயமான பயன்பாடுன்னு ஒண்ணு இருக்குங்க. படிப்புக்காகக் கொஞ்சம் எடுக்கலாம். அவங்க வெளிய போயி ஒட்டுனா லைப்ரரி என்னங்க செய்யும்?" என்றீர்கள். அதோடு விட்டீங்களா? "விற்பனைக்குப் பாதிப்பு வருதான்னும் சட்டம் பாக்கும். ஒங்க புத்தகத்துக்குத்தான் சந்தையே இல்லீங்களே மாமா!" பொண்ணையும் கொடுத்து இந்தப் பேச்சையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சந்தை இல்லையா? ஹட்டனில் நடந்த வெளியீட்டு விழாவை மறந்துட்டீங்களா? முதல் பிரதி, சிறப்புப் பிரதி என்று வரிசையாக மேடை ஏறி, காசுக் கவரை நீட்டி, புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட பிரமுகர்கள் எத்தனை பேர்! முதல் பிரதி வாங்கிய நகைக்கடை முதலாளி வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போனேன். ஷோகேசில் என் புத்தகம், அன்றைக்குச் சுற்றிக் கொடுத்த கலர்த்தாளோடு, நாடாகூட அவிழாமல் இருக்கிறது. அவராவது காசு கொடுத்துட்டு வாசிக்காம இருக்காரு, அது கௌரவம். ஒங்க பிள்ளைங்க காசும் குடுக்காம வாசிக்கவும் வாசிக்குதுங்க! இதுக்குப் பேரு நியாயமாம். வெக்கக்கேடு!

ஆகவே உங்களைக் கேட்காமலே அப்போதே உங்கள் பிரதம நூலகருக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். என் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுங்கள், ஒரு பிள்ளையும் அதைத் தொடக்கூடாது என்று. தட்டில் இல்லாவிட்டால்தான் வாங்க வருவார்கள். உங்களுக்கு அங்கே தலைகுனிவு வந்தால் குனிந்துகொள்ளுங்கள்.

வினோதாவுக்கு அன்பு முத்தம். உங்களுக்கு ஒரு மாமனார் இதற்கு மேல் குறைக்க முடியாத அளவு ஆசீர்வாதம். தைப்பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள், சண்டை வேறு சாப்பாடு வேறு.

இப்படிக்கு,
ஆண்டியப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது தபால்காரர் ஒரு பார்சலோடு வந்தார். உங்கள் பிரதம நூலகர் என் பேச்சை அப்படியே கேட்டுவிட்டார். 'ஆசிரியரின் விருப்பத்துக்கு மதிப்பளித்து நூல் அகற்றப்பட்டது. பாடத்துக்கு வேறு நூல் தெரிவாகியுள்ளது' என்று எழுதி, தட்டில் இருந்த அந்த ஒரே புத்தகத்தையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை, அது என் புத்தகம் மாதிரியே இல்லை. முதுகு பிய்ந்து, ஓரமெல்லாம் கறுத்து, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. 'எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் சம்பளத்த வெட்டினாங்க' என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: 'எங்க தோட்டத்துல இன்னும் நடக்குது.' இன்னொரு பிள்ளை, 'ஆசிரியர் தோட்டத் துரைமாரை லேசா விட்டுட்டார்' என்கிறது. யாரது? நான் எங்கே லேசா விட்டேன்? நேரில் வந்து சண்டை போடச் சொல்லுங்க! பெட்டியில் கிடக்கிற அத்தனையும் புதுசா மணக்குது, ஒன்றைக்கூட ஒருத்தரும் திறக்கவில்லை. அழுதுட்டேன் மாப்பிள்ளை. மேலே எழுதினதை எல்லாம் மறந்துடுங்க. இந்தக் கடிதத்தைக் கிழிக்க மனசு வரல, நல்லா வந்திருக்கு. இந்தப் பழசை நான் யாருக்கும் தரமாட்டேன். அதற்குப் பதில் ஒரு பெட்டி அனுப்புகிறேன். யார் காலில் விழுந்தாவது மறுபடியும் தட்டில் வைக்கச் செய்யுங்க. அத்தியாயமா எடுக்கட்டும், அட்டையோட எடுக்கட்டும். பக்கத்துல ஒரு பென்சிலையும் நூல்கயித்துல கட்டித் தொங்க விடுங்க.