இரண்டு நட்சத்திரம் பெற்ற எச்சரிக்கை

நாலு பேரை ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவரோடொருவர் பேசவிடாமல் தடுப்பதே கூட்டுக் கற்றலின் உச்சம். இதைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்கு இவ்வளவு காலம் ஆனது வருத்தம்தான். நல்லவேளை, அந்த ஆய்வக உதவியாளர் பயிற்சி நிலையம் கண்டுபிடித்துவிட்டது.

போன மாதம் வரை வெறும் ஆசிரியராக இருந்தவர் இந்த மாதம் ‘கற்றல் ஒருங்கிணைப்பாளர்’. பாடம் நடத்தும் தொல்லை அவருக்கு இனி இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்து, திரையில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்ப்பார். கோடு ஏறினால் கற்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு ‘பங்கு’. பங்கை மென்பொருளே தீர்மானிக்கும். ஓயாமல் பேசுகிற ‘தலைவர்’ முன்மொழிபவர். வகுப்பிலேயே மூத்தவளான அக்கா கேள்வி கேட்பவர். ஊருக்கே மாப்ளேயான மாப்ளே செய்பவர். அவன் கணினி மட்டும் சோதனை மேசை ஓரம் இருந்தது. மூன்று மாதமாகச் சத்தமே காட்டாததால் ‘பூனை’ என்று பெயர் வாங்கியவள், ஊக்குவிப்பவர்.

ஊக்குவிப்பவரின் செய்தி இரண்டே விதமாகத்தான் தொடங்கலாம்: ‘அருமை, ஏனென்றால்’, ‘முழுமையாக உடன்படுகிறேன், மேலும்’. வேறு எதைத் தட்டினாலும் செய்திப் பெட்டி ஏற்காது. குழுவில் மனக்கசப்பு வராமலிருக்க இப்படி ஓர் ஏற்பாடு.

அன்றைய பணி, அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்வது. பீக்கரில் அமிலத்தை எடுத்து அதில் தண்ணீரை ஊற்றலாம் என்று தலைவர் முன்மொழிந்தான். அக்கா தனக்கு விதிக்கப்பட்ட மூன்று கேள்விகளையும் ஏற்கெனவே முடித்திருந்தாள்: எந்தப் பீக்கர், எவ்வளவு பெரிய பீக்கர், எப்போது வீட்டுக்குப் போகலாம்.

பூனை அந்த முன்மொழிவை இரண்டு முறை படித்தாள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், அதுவும் சிறுகச் சிறுக. மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். மாப்ளேயின் பாதுகாப்புக் கண்ணாடியோ நெற்றிக்கு மேலே ஏறி, முடி கலையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் தட்டினாள்: ‘அருமை, ஏனென்றால் இப்படி ஊற்றினால் கண் போய்விடும்.’

கணினி கைதட்டி ஒரு நட்சத்திரம் கொடுத்தது. முதல் சொல்லை மட்டும் படித்த மாப்ளே கட்டைவிரலை உயர்த்தினான்.

‘முழுமையாக உடன்படுகிறேன், மேலும் தயவுசெய்து ஊற்றாதீர்கள்.’

இன்னொரு நட்சத்திரம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பச்சைக் கோடு உச்சத்தைத் தொட்டது. மாப்ளே தண்ணீர்க் குடுவையைச் சாய்த்தான்.

பூனை நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். “மாப்ளே, ஊத்தாத. ஆசிடைத்தான் தண்ணியில ஊத்தணும்.”

அந்த அறை அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் முறை. அவள் குடுவையைப் பிடுங்குவதற்குள் நாலு சொட்டு விழுந்துவிட்டது. பீக்கர் சீறியது. தெறித்த துளி மாப்ளேயின் மேலங்கியில், கழுத்துக்கு நாலு விரல் கீழே, ஓட்டை போட்டது.

ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தார். பீக்கரைப் பார்க்கவில்லை, கோடு சரிந்துவிட்டதாம்.

“ஏம்மா, எதுவா இருந்தாலும் டைப் பண்ணியிருக்கலாமே?”

“பண்ணேன் சார். ரெண்டு ஸ்டார் குடுத்துது.”

“பாத்தியா, சிஸ்டம் அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. நீதான் அவசரப்பட்டுட்ட.”

வாயால் பேசியது எதுவும் பதிவாகாது, பதிவாகாதது கூட்டுக் கற்றலில் சேராது என்று அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு சக மதிப்பீடு. ஒவ்வொருவரின் ஒத்துழைப்புக்கும் மற்ற மூவர் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். சராசரி ஐந்துக்குக் குறைந்தால் சான்றிதழ் கிடையாது.

தன் முன்மொழிவை நாலு பேர் முன்னால் வெட்டிப் பேசியதற்குத் தலைவர் பூனைக்கு ஒன்று போட்டான். அக்கா அவன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, வம்பு எதற்கு என்று அவளும் ஒன்று போட்டாள். கடைசியாக மாப்ளே. அவன் பத்துப் போட்டாலும் பத்தாது. ஆனாலும் பூனை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தப்பா எடுத்துக்காத பூனை,” என்றான், மேலங்கி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தபடி. “நீ நல்ல பொண்ணு, அது வேற. ஆனா இங்க கேட்டிருக்கறது குழுவோட ஒத்துப்போனாளான்னுதானே? நாமளும் நேர்மையா இருக்கணுமில்ல.”

சொல்லிவிட்டுத் திரைப் பக்கம் குனிந்தான். கட்டம் தவறிவிடக் கூடாதே என்று இரண்டு கண்ணாலும் நன்றாகப் பார்த்து, பூஜ்யத்தை அழுத்தினான்.