வீடு ஏலத்துக்குப் போகவில்லை, மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் பங்களாவும் சௌக்கியம். அங்கே உங்கள் இரத்த அழுத்தமும் என் தங்கையின் கோபமும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

பக்கத்து வீட்டு டாக்டர் உங்களுக்குப் போன் செய்து, உங்கள் கேட்டில் ஏல அறிவிப்பு தொங்குகிறது என்று துக்கம் விசாரித்தாராம். தங்கை அழுதாளாம். அறிவிப்பு தொங்குவது உண்மைதான். ஏலம்தான் பொய். அது டிவி சீரியலில் வருகிற ஏலம்.

நீங்கள் வெளிநாடு போனபின் பூட்டிக் கிடக்கிற வீட்டைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடலாம் என்று யோசித்தவன் நான்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் எதற்கும் லாயக்கில்லை என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருப்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒப்பந்தத்தைக் கறாராகவே எழுதினேன். ஹால் மட்டும்தான், சுவரில் ஆணி கூடாது, மாடிக்கு யாரும் ஏறக் கூடாது. டைரக்டர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். என்மேல் அவ்வளவு மரியாதை.

முதல் நாளே ஆர்ட் டைரக்டர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். “தப்பா நினைக்காதீங்க சார், இது பணக்காரங்க வீடு மாதிரியே இல்லையே” என்றார். நீங்கள் கப்பலில் வரவழைத்த பளிங்குத் தரை கேமராவில் அழுக்காகத் தெரிகிறதாம், அதன்மேல் பளிங்கு மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினார்கள், உங்கள் கண்ணாடிச் சரவிளக்கு போதுமான அளவு மின்னவில்லை என்று கழற்றிவிட்டு பிளாஸ்டிக்கில் ஒன்றை மாட்டினார்கள், அதற்கு ஆணி வேண்டியிருந்தது, சுவரில்தானே கூடாது, கூரையில் அடிக்கலாமில்லையா, ஏணியை நானே பிடித்துக்கொண்டேன். அப்புறம் மாமியார் மருமகளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிற காட்சி வந்தது. தள்ளுவதற்கு முதலில் மேலே ஏற வேண்டுமே, அந்த ஒரு நிபந்தனையைத் தளர்த்தினேன். ஏறிய மாமியார் நடிகை இறங்கவில்லை, அந்த அம்மாவுக்கு மூட்டுவலி, உங்கள் படுக்கையறையிலேயே தங்கிவிட்டார், தலையணை உறையெல்லாம் அவருடைய மேக்கப்பில் ரோஸ் நிறமாகிவிட்டது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கதைப்படி குடும்பம் நொடித்துப் போனதும்தான் கேட்டில் அறிவிப்பு மாட்டினார்கள். மத்தியானத்துக்குள் ஒரு வீட்டுத் தரகர், நிஜமாகவே வீடு தேடுகிற ஒரு தம்பதியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். டைரக்டர் அவர்களைத் துணை நடிகர்கள் என்று நினைத்து ஏலக் கூட்டத்தில் நிறுத்திவிட்டார். அவர்களும் உயிரைக் கொடுத்து ஏலம் கேட்டார்கள். ஷாட் முடிந்ததும் அந்தப் பெண்மணி நேராக என்னிடம் வந்து சாவியைக் கேட்டார்.

“அது நடிப்புங்க” என்றேன்.

“நாங்க நடிக்கலையே” என்றார்.

பக்குவமாகப் பேசி, யூனிட் சாப்பாட்டைப் போட்டு அனுப்பிவைத்தேன். இந்த இடத்தில் வேறு ஆளாக இருந்தால் வீடே கைமாறியிருக்கும்.

வெள்ளிக்கிழமையோடு எல்லாம் முடிகிறது. விரிப்பை உரித்தால் உங்கள் தரை, விளக்கை மாற்றினால் உங்கள் ஹால். யாரும் பதற வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆசிகள், தங்கைக்கு அன்பு, உங்களுக்கு மரியாதை. டாக்டருக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
வீட்டைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கும் மச்சான்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வாசலில் டாக்சி வந்து நின்றது. இறங்கியது தங்கை. உங்களிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினாளோ தெரியாது. ஏலக் காட்சியை மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேராக நடுவில் போய் நின்று, “இது என் வீடு. ஒருத்தரும் இங்கேருந்து ஒரு துரும்பை எடுத்துட்டுப் போக முடியாது” என்றாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. யூனிட்டே கைதட்டியது. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதையையே மாற்றிவிட்டார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய மூத்த மகள் இனி இந்த வீட்டைக் காப்பாற்றப் போகிறாளாம், அதற்கு மூன்று வருஷமாவது ஆகுமாம். தங்கை சரி என்று சொல்லிவிட்டாள். உங்களுக்கும் ஏதாவது வேஷம் உண்டா என்று உரிமையோடு கேட்டேன். கதைப்படி அவள் கணவர் காலமாகிவிட்டார் என்றார் டைரக்டர். ஹாலில் மாட்ட உங்கள் போட்டோ ஒன்று உடனே அனுப்பவும். சிரிக்காமல் எடுத்ததாக இருந்தால் நல்லதாம்.