பால்: முழு ஆடை

ஒருவர் பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் ஆணா பெண்ணா என்று கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில் யாரும் விசாரிப்பதில்லை. சாரதியும் விசாரிப்பதில்லை. யாராக இருந்தாலும் விட்டுவிட்டுத்தான் போவார். நாட்டில் முழுமையாக அமுலில் இருக்கும் சமத்துவம் இது ஒன்றுதான் என்பது அகீலாவின் கருத்து. அந்தக் கருத்தை வைத்து அவள் ஒரு கேம் செய்தாள்.

பெயர் 'ஆறரை பஸ்'. மஞ்சள் ரெயின்கோட்டும் ஹெல்மெட்டும் போட்ட ஓர் உருவம் ஓடும். குழி, நாய், சொல்லாமல் திரும்பும் த்ரீவீல், சோத்துப் பார்சலைப் பறிக்கும் குரங்கு எல்லாவற்றையும் தாண்டிப்போய்க் கண்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். உருவத்தின் பெயர் ரெயின்கோட்டு. ஏன் ஹெல்மெட் என்றால், அகீலாவுக்கு முகம் கீற வராது. முடி அதைவிட வராது. இதில் வேறு தத்துவம் எதுவும் கிடையாது.

பள்ளி முடிக்கும் உயர்தரப் பரீட்சை அவளுக்குச் சரிவரவில்லை. திரும்ப எடுக்கச் சொன்னார்கள், ஏலாது என்றுவிட்டாள். கண்டியில் நடக்கவிருந்த இளைஞர் கண்காட்சியில் முதலாவது வரும் கேமுக்கு, கேம் செய்யப் பழக்கும் ஆறு மாத வகுப்பில் இலவசமாக ஓர் இடம் உண்டு. அவளுடைய உம்மா ரபீகா அதையே எல்லைக்கோடாகப் போட்டார்.

"கெடச்சாப் படி. கெடைக்காட்டி பிலிமத்தலாவயில ரஸீன் மாமாட சீலக்கடையில போய் நில்லு. அங்க ஆள் தேவயாம்."

ரஸீன் மாமாவின் கடையில் நிற்பது என்றால் நிற்பதேதான். அங்கே கதிரை வாடிக்கையாளருக்கு மட்டும்.

கண்காட்சிக்குள் கேம் நுழைய ஒரு சான்றிதழ் வேண்டும். அதை வழங்கும் அதிகாரம் மலைநாட்டு மின்விளையாட்டு ஒழுங்குபடுத்தல் பணியகத்துக்கு இருந்தது. பணியகத்தின் படிவத்தில் நிரப்பவேண்டிய கட்டங்களில் ஏழாம் கூடு: 'பிரதான பாத்திரத்தின் பால்'. அகீலா அதில் ஒரு கோடு போட்டு அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. 'தங்களது விண்ணப்பம் கிடைக்கப்பெற்றது. ஏழாம் கூட்டில் காணப்படும் கோடு எப்பால் என்பதைத் தயவுடன் அறியத் தரவும்.'

அகீலா நேரே போனாள். மூன்றாம் மாடியில், தமிழ் விடயங்களுக்குப் பொறுப்பான ஒரேயொரு உத்தியோகத்தர் இராமகிருஷ்ணன். நல்ல மனிதர். யாரையும் இருக்கச் சொல்லாமல் வேலையைத் தொடங்கமாட்டார். இருக்கச் சொன்ன பிறகும் தொடங்கமாட்டார்.

"வாங்க தங்கச்சி, ஒக்காருங்க. இந்த கேம செஞ்ச தம்பி வரலயா?"

"நான்தான் சேர் செஞ்ச."

"நல்லது, நல்லது. தம்பிகிட்ட சொல்லுங்க, ஏழாம் கூட்ட வெறுமனே விட முடியாது."

தம்பியைப் பிறகு திருத்தலாம் என்று அகீலா விட்டுவிட்டாள். முதலில் கூடு முடியட்டும்.

"ஆண்ணு போட்டா என்ன சேர்?"

"மகளிர் பங்கேற்புச் சுற்றறிக்கை இருக்கு. அதே வேகத்துல ஓடுற ஒரு பொண்ணையும் சேக்கணும்."

"பஸ்ல ஒரு சீட்தான் ஈக்கி."

"அப்ப யாராவது ஒருத்தர் எழும்பிக் குடுக்கணும். அதுக்கும் சுற்றறிக்கை இருக்கு."

"பெண்ணுன்னு போட்டா?"

"கலாசார உபகுழுவுக்குப் போகும். ஆடைய பாப்பாங்க. ஓடலாமான்னு பாப்பாங்க. நடந்து போனா ஒரு பிரச்சினையும் இல்ல."

"நடந்து போனா பஸ் போயிருமே சேர்!"

"அது போக்குவரத்துப் பக்கத்து விடயம், தங்கச்சி. நம்ம அதுல தலையிடக்கூடாது." அவர் குரலைத் தணித்தார். "ஹெல்மெட்ட கழட்டிப் பாத்தா தெரியாதா?"

"கழட்டினா மஞ்ச வட்டம் ஒண்டுதான் ஈக்கி. அதுக்கு மூக்குகூட இல்ல."

இராமகிருஷ்ணன் அந்த மஞ்சள் வட்டத்தைப் பற்றிச் சிறிது நேரம் யோசித்தார். பிறகு ஒரு குழு அமைக்கப்பட்டது.

பிரதான பாத்திரப் பால் நிர்ணயக் குழுவில் ஐவர். முதலாம் கூட்டத்தில் குழுவின் பெயர் நிர்ணயிக்கப்பட்டது. இரண்டாம் கூட்டத்தில் தேநீர். மூன்றாம் கூட்டத்தில், ஓடும் விதத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்றார் ஓர் உறுப்பினர். எங்கே, ஓடிக் காட்டுங்கள் என்றார் இன்னொருவர். தாழ்வாரத்தில் ஐவரும் ஓடிப் பார்த்தார்கள். ஐவரும் பஸ்ஸை விட்டவர்கள் மாதிரித்தான் ஓடினார்கள். ஆகவே, விளையாடுபவர்களையே கேட்பது எனத் தீர்மானம் நிறைவேறியது.

கள ஆய்வு குண்டசாலையில், ஒரு கம்பியூட்டர் வகுப்பில் நடந்தது. கிருஷாந்தி என்ற ஒன்பது வயதுப் பிள்ளை போனில் மூழ்கியிருந்தாள். பக்கத்தில் இராமகிருஷ்ணன் படிவத்தோடு குனிந்தார்.

"பாப்பா, இது ஆணா, பொண்ணா?"

"எது?"

"ஓடுறது."

"அங்கிள், கையை எடுங்க, கொரங்கு வருது!"

"கொரங்க விடும்மா. ஓடுறது யாரு?"

"நான்தான். பாக்கத் தெரியல?"

அடுத்த கதிரையில் ஜீவன் என்ற பையன். அவனும் தலையைத் தூக்கவில்லை. "நான்."

நாற்பத்தொரு பிள்ளைகளிடம் கேட்டார். நாற்பத்தொரு பேரும் 'நான்' என்றார்கள். பொதுமக்கள் ஒரு விடயத்தில் இந்தளவு ஒற்றுமையாக இருப்பதை அவர் தமது சேவைக்காலத்தில் கண்டதில்லை. சரிபார்க்கும் பொருட்டு, கடமை நிமித்தம், தாமும் ஒரு தடவை விளையாடினார். பிறகு கடமை நிமித்தம் இன்னும் பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவை த்ரீவீல் இடித்தபோது, "ஐயோ, நான் போயிட்டேன்!" என்று அவர் கத்தியது வாசல்வரைக்கும் கேட்டது.

அறிக்கையில் அவர் எழுதினார்: 'பாத்திரத்தின் பெயர் நான். நான் என்பதற்குத் தமிழில் பால் இல்லை.'

குழு திகைத்தது. வருடக் கணக்காகச் சேவையிலிருக்கும் ஐவரும் தங்களைப் பால் இல்லாத ஒரு சொல்லால் குறித்து வந்திருக்கிறார்கள். இதை யாரும் கவனிக்கவில்லை, எந்தச் சுற்றறிக்கையும் அனுமதிக்கவும் இல்லை. கடைசியில் ஐவரில் ஒருவரான கலாசார உபகுழுக்காரர் வழி சொன்னார்.

"ஆணோ பெண்ணோ, அத விடுங்க. உடம்பெல்லாம் மூடியிருக்குதானே? அதை எழுதுங்க. கூடு வெறுமையா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்."

ஏழாம் கூட்டில் இராமகிருஷ்ணன் தமது வடிவான கையெழுத்தில் நிரப்பினார்.

பால்: முழு ஆடை.

அகீலா அதைப் பார்த்தாள். வீட்டுக் குசினியில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும் பால்மாப் பக்கற்று அவள் கண்முன்னே வந்து நின்றது. கொழுப்பு எடுக்காத பால் என்று சொல்ல, அதிலும் இதே மூன்று சொல்தான். சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கண்காட்சிக்குப் பத்து நாள்தான் இருந்தது. ரஸீன் மாமா வேறு, எப்போது வருகிறாள் என்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

"சரியா தங்கச்சி?"

"சரி சேர்," என்றாள்.

மேலிடம் சிங்களத்தில்தான் ஒப்பமிடும் என்பதால் கோப்பு மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் போனது. அங்கே தமிழ் தெரிந்தவர் ஓய்வுபெற்று நாலு வருடம். அவருடைய அகராதி மட்டும் இன்னும் சேவையில் இருந்தது. அகராதி தன் கடமையைச் செய்தது. சிங்களத்தில் அது சுத்தமான முழு ஆடைப் பாலாக வெளியே வந்து, சம்பந்தப்பட்ட கால்நடைப் பிரிவுக்கு உடனடி நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது.

ஒரு மஞ்சள் ரெயின்கோட்டை எட்டு மாதம் பார்த்தாலும் முடிவெடுக்க முடியாத அரசாங்கம், பால் என்றதும் மூன்றே நாளில் முடிவெடுத்தது. சான்றிதழ் வந்தது. 'ஆறரை பஸ். முழு ஆடைப் பால். மனித பாவனைக்கு உகந்தது. திறந்த பின் குளிரான இடத்தில் வைக்கவும்.'

"சேர், இது பால்மாக்குக் குடுக்கிற சேட்டிபிகேட்," என்றாள் அகீலா.

"முத்திரை சரியா இருக்கே, தங்கச்சி. திருத்தணும்னா மறுபடி ஏழாம் கூட்டுல இருந்து வரணும். என்ன செய்வோம்?"

அகீலா சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கண்காட்சியில் அவளுக்குக் கிடைத்த இடம் பால் பொருட்கள் வரிசையில், யோகட்டுக்கும் ஒரு நிஜப் பசுவுக்கும் நடுவில். அதுவே ராசியாகிவிட்டது. யோகட் சாப்பிட வந்த பிள்ளைகள் விளையாட நின்றார்கள். விளையாட நின்ற பிள்ளைகளைத் தேடி வந்த உம்மாமாரும் அம்மாமாரும் தாங்களும் ஒரு தடவை ஓடிப் பார்த்தார்கள். கிருஷாந்தி மூன்று தடவை வரிசையில் வந்தாள். பின்னேரம் முடிவு அறிவித்தார்கள். முதலாமிடம், 'ஆறரை பஸ்'.

"இந்த அருமையான விளையாட்டை ஆக்கிய தம்பியை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்!"

அகீலா ஏறினாள். அறிவிப்பாளர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி வரலயா?"

"நான்தான் செஞ்ச."

"ஆகா! தம்பிக்காக வந்த தங்கச்சிக்கு ஒரு பலத்த கைதட்டல்!"

கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. கையில் கொடுத்த கடிதத்தில், வகுப்புக்குத் தெரிவு செய்யப்பட்டவர் 'செல்வன் அகீலா ஜமால்தீன்' என்று இருந்தது. விண்ணப்பத்தில் ரெயின்கோட்டின் பாலைக் கேட்டு ஒரு கூடு இருந்தது. அதைச் செய்த ஆளின் பாலைக் கேட்டு ஒன்றுகூட இல்லை.

கோபத்தில் காது சூடாகித் தன் இடத்துக்குத் திரும்பினாள். இராமகிருஷ்ணன் யோகட் கரண்டியோடு நின்றார்.

"சந்தோசம் தங்கச்சி. செல்வன மாத்தணும்னா ஒரு படிவம் இருக்கு, திங்கக்கிழம வாங்க." பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். "ஆபீசுக்கு இல்ல, எனக்கு மட்டும் சொல்லுங்க. உண்மையில ஹெல்மெட்டுக்குள்ள யாரு?"

"யாரோ ஒருத்தன் சேர்!" என்று வெடித்தாள் அகீலா. "அவன் பாட்டுக்கு ஓடுறான். விடுங்களே!"

போனோடு முன்னால் நின்ற கிருஷாந்தி முதல் தடவையாகத் தலையைத் தூக்கினாள்.

"ஒருத்தனா?"

தன் வாயிலிருந்து வந்த 'ன்' அப்போதுதான் அகீலாவின் காதில் விழுந்தது.

"நான் இவ்வளவு நேரமும் அது நான்னு நெனச்சேன்," என்றாள் பிள்ளை. போனை மேசையில் வைத்துவிட்டுப் பசுவைப் பார்க்கப் போனாள். அதன் பால் விடயத்தில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

திரையில் ரெயின்கோட்டு நடுவீதியில் அப்படியே நின்றது. ஆறரை பஸ் வந்தது; யாரென்று விசாரிக்கவில்லை. வழமைபோல விட்டுவிட்டுப் போனது.