மாப்பிள்ளையின் மீன்தொட்டி, மாமனாரின் தண்ணீர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் என் மகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம். நாங்கள் என்றால் நானும் உங்கள் அத்தையும் மட்டும். மீன்களை அதில் சேர்க்கவில்லை.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நீங்கள் நடுநடுவே "அப்புறம்?" என்று கேட்பீர்கள். அந்த "அப்புறம்" என் உடம்புக்கு ஆகாது. தொட்டியை வீடியோவில் காட்டச் சொன்னபோதெல்லாம் சிக்னல் சரியில்லை என்றேனே, சிக்னல் ஒரு பாவமும் செய்யவில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்று நீங்கள் அந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியை எங்கள் கூடத்தில் இறக்கிவைத்து, பராமரிப்பது எப்படி என்று விளக்க ஆரம்பித்தீர்கள். நான் கையமர்த்தினேன். "மாப்பிள்ளை, குடிநீர் வாரியத்துல இருந்து ஊருக்கே தண்ணி பரிசோதிச்சுக் கொடுத்தவன் நான். எனக்கா சொல்றீங்க?" என்றேன். நீங்களும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டீர்கள். அன்று கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்திருந்தால் இன்று ஐந்து மீன்கள் உயிரோடு இருந்திருக்கும்.

முதலில் போனது அந்த நீல மீன். தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கியிருந்தது. நேராகக் குழாயைத் திறந்து நிரப்பினேன். குளோரின் வாசனை வராத தண்ணீரை நான் வாழ்நாளில் தண்ணீர் என்று மதித்ததில்லை. அந்த வாசனை வரும்படி பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள். மனிதரைக் காக்கும் மருந்து மீனின் செவுளைப் பொசுக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்லவில்லை. மீன்கள் எங்களிடம் இணைப்புக் கேட்டு விண்ணப்பித்ததும் இல்லை. நீலம் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தபோது, "அசதியில தூங்குது, எழுப்பாதே" என்று உங்கள் அத்தையிடம் சொன்னேன். சாயங்காலம் வரை நாங்கள் இருவரும் கூடத்தில் மெதுவாகத்தான் பேசினோம்.

வளர்ப்பு மீன் கடைக்காரரிடம் ஓடினேன். குளோரினை முறிக்க ஒரு மருந்து கொடுத்தார். சரி, பாடம் கற்றாயிற்று என்று நினைத்தேன். ஆனால் எனக்கு ஒரு பாடம் கற்றால் போதாது, கூடவே ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல் மீனுக்கு வெறும் தண்ணீர் எதற்கு என்று, மட்டம் இறங்கும்போதெல்லாம் உப்பைக் கரைத்தே ஊற்றினேன். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அறிக்கையாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூடத்துத் தொட்டிக்கும் அது பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை. உப்பு அளக்கும் மிதவை குளத்து வாத்து மாதிரி மேலே வந்து நின்றது. அதற்குள் இரண்டு மஞ்சள் மீன்கள் கருவாட்டுக்குப் பாதி வழி போயிருந்தன.

அடுத்தது தீனி. காலையில் நான் போடுவேன். நான் நடைக்குப் போனதும், "பாவம், கண்ணாடியில வந்து முட்டுது" என்று உங்கள் அத்தை போட்டிருக்கிறாள். செய்தித்தாள் வாங்க இறங்கிவரும் மாடிவீட்டுக்காரரும் அவர் பங்குக்கு ஒரு சிட்டிகை. மற்ற இருவரும் மீனைப் பட்டினி போடுகிறார்கள் என்று மூன்று பேருமே நம்பியிருக்கிறோம். தின்னாத தீனி அடியில் அழுகி, தண்ணீரில் அம்மோனியா ஏறியது. அதைச் சோதிக்கும் குப்பியில் மஞ்சள் வந்தால் நல்லது, பச்சை வந்தால் ஆபத்து. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நான் மஞ்சள் என்றேன். உங்கள் அத்தை, "நல்லாப் பாருங்க, பச்சை" என்றாள். இந்த வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கிய காலத்திலிருந்து எங்களுக்குள் நடக்கும் வழக்கு இது. வழக்கம்போல் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வரிபோட்ட மீன்கள் இரண்டும் அத்தை பக்கம் சாட்சி சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தன.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள் என்றார் கடைக்காரர். கொஞ்சம் என்ற சொல் எனக்குப் பழக்கமில்லை. வாளி வாளியாகத் தூக்கி, மூன்றாவது வாளியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் படுத்த படுக்கை. அப்போதும் பொறுப்பை விடவில்லை. கட்டிலில் இருந்தபடியே அதை ஊற்று, இதைக் கலக்கு என்று கத்திக்கொண்டிருந்தேன். உங்கள் அத்தை எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றாள்.

இப்போது மிச்சம் இருப்பவை கோமாளி மீன்கள் இரண்டுதான். கல்யாண நாளுக்கு என் மகள் உங்களுக்கு வாங்கிக்கொடுத்த ஜோடி. இவையும் போய்விட்டால் அவளை எந்த முகத்தோடு பார்ப்பேன்? நேற்று எழுந்துபோய்ப் பார்த்தேன், மாப்பிள்ளை. பாறை ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பொரிப்பொரியாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சைதான், சந்தேகமில்லை. சின்ன மீன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, செட்டையைப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சுத் திணறல். கிட்டே விரலைக் கொண்டுபோனேன், கடித்துவிட்டது. மூளையையும் தாக்கியிருக்கிறது.

ஆகவே தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாளை கடைக்காரர் வருகிறார். அவர் வருவதற்குள் பூஞ்சையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியை மீனோடு அவரிடமே ஒப்படைத்துவிடப் போகிறேன். உயிராவது பிழைக்கட்டும். உங்கள் சம்மதம் இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் வரும் என்றாலும், உங்கள் மரியாதை எனக்குத் தெரியும் என்பதால் சம்மதித்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நல்ல குளோரின் போட்ட தண்ணீராகப் பார்த்துக் குடித்து நீடூழி வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
உங்கள் மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டவில்லை. சட்டைக் கையை மடித்துக் கத்தியோடு தொட்டிக்குள் கைவிட்ட நேரத்தில் கடைக்காரர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "ஐயா, கத்தியக் கீழ வைங்க. அது முட்டை!" சின்னதுதான் தகப்பனாம். செட்டையால் விசிறி முட்டைக்குத் தண்ணீரோட்டம் கொடுக்கிறதாம். கிட்டே போனால் கடிக்கத்தானே செய்யும்?

"தண்ணி அருமையா இருந்தாத்தான் இதுங்க முட்டையே வைக்கும். ரெண்டு வாரமா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். எனக்குள் இருந்த குடிநீர் வாரியத்துக்காரர் மறுபடி எழுந்துவிட்டார். "எல்லாம் முப்பது வருஷ அனுபவந்தான்" என்றேன். சமையலறையில் உங்கள் அத்தை இருமினாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தொட்டி இங்கேயே இருக்கும். கடைக்காரர் படியிறங்கியதும் உங்கள் அத்தை வந்து, "இடுப்பு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன். "பரவாயில்ல. முட்டை பொரியற வரைக்கும் போய்ப் படுங்க" என்றாள்.

இந்தப் பின்குறிப்பைப் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.