ஒரு படி கூடுதல்

வீட்டில் ஓர் அறையை ரயில்வே இலாகாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மிச்ச அறைகளில் குடித்தனம் நடத்துகிற ஓர் இனம் உலகத்தில் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு நம்மைப் போலவேதான் இருப்பார்கள்; சட்டை போடுவார்கள், வரி கட்டுவார்கள், விருந்தாளி வந்தால் சிரிப்பார்கள். ஆனால் அவர்கள் காது கேட்க "பொம்மை ரயில்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பொம்மையாம் பொம்மை! அது மாதிரி ரயில், ஐயா. அசலில் நூற்று அறுபதில் ஒரு பங்கு. என்ஜின் உங்கள் சுட்டுவிரல் நீளம். அதை ஓட்டுகிற டிரைவர் ஒரு நெல்மணி உயரம். அந்த நெல்மணியின் சட்டைக்கு எத்தனை பொத்தான் என்பதில்தான் இவர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் தீராத வழக்கு.

இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த ஒன்றை என் அக்கா கட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று ஆராயும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அத்தானுக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. அங்கே வேலித் தகராறோடு வருகிறவர்களிடம், "ஒரு அடி முன்னபின்ன இருந்தா உலகம் அழிஞ்சுடுமா?" என்று பெருந்தன்மையாகக் கேட்பார். வீட்டுக்கு வந்து, கறுப்புக் கயிற்றில் கோத்த பூதக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் ஆளே வேறு. அரை மில்லிமீட்டர் பிசகினால் அவருக்கு உலகம் அழிந்துவிடும். தயாரிப்பாளர்கள் வட்டாரத்தில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்றே பெயர். அதைப் பட்டம் என்று நினைத்து அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

இவர்களுக்குத் தயாரிப்பாளர்களிடமிருந்து என்னதான் வேண்டும்? ரொம்பச் சின்ன ஆசைகள்தான். என்ஜின் இன்னும் சிறியதாக வேண்டும், ஆனால் உள்ளே மோட்டார், விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் குறைவில்லாமல் இருக்க வேண்டும். அசலில் உள்ளபடி அச்சு அசலாக வேண்டும், ஆனால் அசல் வண்டி நிச்சயமாகக் கவிழ்ந்துவிடக்கூடிய மேஜை ஓர வளைவில் இது மட்டும் கவிழாமல் திரும்ப வேண்டும். மூச்சு பட்டால் ஒடிகிற அளவுக்கு மெல்லிய கைப்பிடிக் கம்பி வேண்டும், ஒடிந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தரவும் வேண்டும். புத்தம் புதிதாக வேண்டும், பார்த்தால் பல வருஷம் மழையில் நின்று துருப்பிடித்த மாதிரி இருக்க வேண்டும், அந்தத் துருவும் மழை அடிக்கிற பக்கமாகப் பார்த்துப் பிடித்திருக்க வேண்டும். யாருக்கும் கிடைக்காத அபூர்வச் சரக்காக இருக்க வேண்டும், இவர் போய்க் கேட்கிற அன்று மட்டும் கடையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக்கூடச் செய்து தர ஒருவனுக்குத் துப்பில்லையா?

புதிய என்ஜின் வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்தால், "செய்யறதுக்கு முன்னாடியே எதுக்கு இந்தத் தம்பட்டம்?" அறிவிக்காமல் கொண்டுவந்து வைத்தால், "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" கேட்டால்? கேட்டவள் ஒருத்தி இருந்தாள். அவள் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவளைப் பட்டறைக்காரம்மா என்பார்கள். பெரிய கம்பெனி எதுவும் இல்லை. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு வேலையாட்கள், பெயின்ட் வாசனை. அந்த ஊரில் இந்த அளவு ரயில் செய்கிற ஒரே ஆள் அவள்தான் என்பதால், ஊரில் உள்ள அத்தனை பூதக்கண்ணாடிகளும் அவள் மேல்தான் விழுந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் டாக்டர் கிளினிக்கில் நடக்கும் ரயில் சங்கக் கூட்டத்துக்கு அவளே வந்து நின்றாள்.

"எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு வண்டி சொல்லுங்க. நீங்க சொல்றபடியே செஞ்சு தரேன்."

கிளினிக்கில் பல் பிடுங்கியபோதுகூட அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது. பல் டாக்டருக்கு நீராவி என்ஜின் வேண்டும். தையல்காரருக்குத் தூங்கும் வசதி கொண்ட பெட்டி வேண்டும், ஜன்னல் திரை உண்மையான துணியில் வேண்டும். ஒருவர் எழுந்து, எது செய்தாலும் தனக்குச் சம்மதம், ஆனால் நீல நிறத்தில் மட்டும் கூடாது என்றார். இன்னொருவர் எழுந்து, நீலம் இல்லாவிட்டால் சங்கத்திலிருந்தே விலகுகிறேன் என்றார். கடைசியில் தொண்டை வலிமையால் அத்தான் ஜெயித்தார். ஊர் கூட்ஸ் ஷெட்டில் முன்பு பெட்டிகளை இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்த கிழட்டு ஷண்டிங் என்ஜின் ஒன்று உண்டு. அதைத்தான் செய்வதென்று முடிவாயிற்று.

பிறகு பட்டறைக்காரம்மா பட்ட பாடு இருக்கிறதே! அத்தான் போனை எடுத்தாரென்றால் மூன்று வாக்கியங்கள் வரிசையாக வரும். "குறை சொல்றேன்னு நினைக்காதீங்க." "பொதுவா நல்லாதான் இருக்கு." "சின்ன விஷயம்தான், ஆனா..." இந்த "ஆனா"வுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போனுக்கு விடுதலை கிடையாது. புகைபோக்கி ஒரு மயிரிழை உயரம். ஹாரன் இடது பக்கம் சாய்வு. டிரைவர் முகத்தில் அலுப்பு போதவில்லை. அவளும் சளைக்காமல் திருத்தினாள். மாதிரியை உடைத்தாள், மறுபடி வார்த்தாள், மறுபடி பெயின்ட் அடித்தாள். வருஷங்கள் போயின. ஒருநாள் என்ஜின் வந்தது.

அன்றைக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் அட்டைப் பெட்டியைத் திறந்து, என்ஜினை மெத்தென்ற துணியில் கிடத்தி, பழைய புகைப்படங்களைச் சுற்றிலும் பரப்பி, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார். அளந்தார், அளவுகோலையே சந்தேகப்பட்டு வேறு அளவுகோலால் அளந்தார். சாயங்காலம் வரைக்கும் அறையிலிருந்து சத்தமே இல்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

"என்ன அத்தான், எப்படி இருக்கு?"

"ஒண்ணும் இல்லைடா."

"அப்படின்னா?"

"ஒண்ணுமே இல்லை," என்றார். சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. "எல்லாம் சரியா இருக்கு."

மனுஷன் பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாராட்டி ஒரு போன் போடக்கூடாதா என்றேன். பாராட்டவா? என்ன சொல்லிப் பாராட்டுவது? அந்த மூன்று வாக்கியங்களைத் தவிர தயாரிப்பாளரிடம் பேச அவருக்கு வேறு பாஷை தெரியாதே! என்ஜினைப் பெட்டிக்குள் வைத்தார். தண்டவாளத்தின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினார். அந்த அறைக்குள் அவர் அப்புறம் போகவே இல்லை.

எங்கே போனார் என்கிறீர்களா? சமையலறைக்குப் போனார். மறுநாள் காலையில், சிவப்புக் கயிற்றில் தொங்கிய அந்தப் பூதக்கண்ணாடியோடு அவர் அங்கே வந்து நின்றதைப் பார்த்து அக்கா கையிலிருந்த கத்தி நின்றது. தக்காளித் துண்டுகள் ஒரே கனத்தில் இல்லையாம். குறை சொல்வதாக நினைக்கக் கூடாதாம். சர்க்கரை டப்பா மூடி திருகு மாறி ஏறியிருக்கிறதாம். ஹாலில் திரைச்சீலை இடது பக்கம் ஒரு விரற்கடை இறக்கமாம், துவைத்த துணியை மடிப்பதில் ஓர் ஒழுங்கில்லையாம், டீ டம்ளர்களில் டீ ஒரே மட்டத்தில் இல்லையாம். நூற்று அறுபதில் ஒரு பங்காக ஓர் அறைக்குள் அடங்கிக் கிடந்த மனுஷன், முழு அளவில் வீடெங்கும் நடமாட ஆரம்பித்துவிட்டார். இதெல்லாம் போகட்டும். ஒருநாள் அக்கா வெளியே கிளம்பக் கண்ணாடி முன்னால் நின்றபோது பின்னாலேயே வந்து நின்றிருக்கிறார்.

"பொதுவா நல்லாதான் இருக்கு. சின்ன விஷயம்தான், ஆனா உன் இடது புருவம் வலதைவிட நீளம். இத்தனை வருஷமா நான் கவனிக்கவே இல்லை பாரேன்."

அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். வந்து உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அத்தான் மேல் வந்த கோபத்தில் அந்தப் பூதக்கண்ணாடியை வாங்கி உடைக்க வேண்டும்போல் இருந்தது.

"இப்பதான்டா புரியுது," என்றாள் அக்கா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இத்தனை வருஷமா எனக்குச் சேர வேண்டிய திட்டையெல்லாம் அந்தப் பட்டறைக்காரம்மா வாங்கிட்டு இருந்திருக்கா. வண்டிய எடு, அவளைப் பாக்கணும்."

சைக்கிள் கடை மாடியில் பட்டறைக்காரம்மா தனியாக உட்கார்ந்து ஒரு ரயில் பெட்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தாள். அலமாரி நிறைய ஷண்டிங் என்ஜின்கள் அட்டைப் பெட்டிகளில் அப்படியே இருந்தன. சரியாக இருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகு சங்கத்தில் யாரும் வாங்க வரவில்லையாம். சரியாக இருப்பதை வாங்கி என்ன செய்வது? அதைப் பற்றி என்ன பேசுவது?

"சார் போனே வரலை," என்றாள் அவள். "பிடிக்கலையோன்னு நினைச்சேன். முதல் தடவையா ஒரு தப்பும் இல்லாம செஞ்சது. யாரும் ஒரு வார்த்தை சொல்லலை."

"நான் சொல்றேம்மா. ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் அக்கா. பட்டறைக்காரம்மா கையில் இருந்த சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கும்தான். அக்கா மெதுவாக ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைக்கக் கூடாது. அடுத்த வண்டிய கொஞ்சம் தப்பா செஞ்சு குடுக்க முடியுமா?"

"என்னது?"

"ஒரே ஒரு தப்பு போதும். என் குடும்பம் பிழைச்சுக்கும்."

முதலில் அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. தொழிலுக்கு ஒரு மானம் இருக்கிறதே! அக்கா தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். பட்டறைக்காரம்மா எழுந்து வந்து அந்தப் புருவத்தை உற்றுப் பார்த்தாள். பார்த்ததும் அவள் மனசு மாறிவிட்டது.

"தெரியாம தப்பு பண்றது சுலபம்மா. தெரிஞ்சு பண்றதுதான் கஷ்டம். பெரிய தப்பா இருந்தா வண்டிய திருப்பி அனுப்பிடுவார். ரொம்பச் சின்னதா இருந்தா கண்ணுல படாம போயிடுமே?"

"ரொம்பச் சின்னதுன்னு அவருக்கு ஒண்ணு கிடையாதும்மா. நீங்க தைரியமா பண்ணுங்க."

"அப்போ ரயிலுக்குக் கடைசியில வர்ற கார்டு பெட்டி ஒண்ணு செய்யறேன். பின்பக்க ஏணிக்கு அசல்ல அஞ்சு படி. நான் ஆறு வெச்சுடறேன்."

கார்டு பெட்டி வந்தது. அத்தான் வேண்டாவெறுப்பாகத்தான் பிரித்தார். அக்காவும் நானும் சமையலறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. விளக்கு போடும் சத்தம் கேட்டது. பிறகு, லாட்டரி விழுந்தவன் நம்பரைக் கத்துவதுபோல் ஒரு குரல்.

"ஆறு! ஆறு படி வெச்சிருக்காடி!"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் போர்வையை உதறி எறிந்தார், போனை எடுத்தார். "குறை சொல்றேன்னு நினைக்காதீங்க," என்று அவர் குரல் கணீரென்று எழுந்தபோது அந்த வீட்டுக்குப் பழைய உயிர் திரும்பி வந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினார். பேசி முடித்து, அக்கா கொடுத்த டீயை மட்டம்கூடப் பார்க்காமல் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அன்றிலிருந்து தக்காளி எந்தக் கனத்தில் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

சங்கத்தில் செய்தி பரவியது. ஆறு படியா? அநியாயம்! பல் டாக்டர் அந்த அநியாயத்தைக் கண்ணால் பார்க்க ஒன்று வாங்கினார், தையல்காரர் இரண்டு வாங்கினார், நீலத்துக்காரர்கள் இருவரும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே கருத்தோடு ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு போய் வைத்தார்கள். தப்பான கார்டு பெட்டி தீர்ந்துபோயிற்று. அதை இழுக்க ஒரு வண்டி வேண்டுமே என்று சரியான என்ஜின்களும் பின்னாலேயே போயின. பட்டறைக்காரம்மா இப்போது எதைச் செய்தாலும், முதலில் பிழையில்லாமல் செய்து முடித்து, கொஞ்ச நேரம் தானே பார்த்து ரசித்துவிட்டு, கடைசியில் ஒரு தப்பைச் சேர்த்து அனுப்புகிறாள். தயாரிப்பாளர்களிடம் இந்த இனம் எதிர்பார்ப்பது என்ன என்று இனி யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு என் அக்காவைவிடத் தகுதியானவர் கிடையாது.

நல்லவேளை, நீங்கள் அந்த இனம் இல்லை. உங்கள் வீட்டில் தண்டவாளம் கிடையாது. கதையை ரசித்தீர்கள், சிரித்தீர்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்று. ஆரம்பத்தில் அத்தான் கழுத்தில் கறுப்பாக இருந்த கயிறு, சமையலறைக்குள் வரும்போது எப்படிச் சிவப்பாயிற்று என்று உங்களுக்குச் சுருக்கென்றதா? 'பொதுவா நல்லாதான் இருக்கு, சின்ன விஷயம்தான், ஆனா' என்று எனக்கு எழுத அப்போதே கை துறுதுறுத்ததா? தாராளமாக எழுதுங்கள், அது உங்களுக்காகவே வைத்த ஆறாவது படி. கவனிக்கவில்லை, இப்போதுதான் மேலே திரும்பிப் போய்ச் சரிபார்க்கப் போகிறீர்களா? நிதானமாகப் போங்கள். இன்னும் வேறென்ன பிசகு இருக்கிறதென்று வரிக்கு வரி தேடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்கள் அதுவரைக்குமாவது நிம்மதியாக இருக்கட்டும்.